பதினான்கு ஏ, யன்னல் பக்கம்

"இஞ்ச பாரும், இந்த முறை இறக்கை மறைக்காது" என்றார் ஜெயசிங்கம்.

திங்கட்கிழமை பின்னேரம். மெல்பேர்னில் மகன் அனோஜின் வீட்டுக் குசினி மேசையில் கைபேசியை வைத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, சனிக்கிழமை சிட்னிக்குத் திரும்பும் விமானத்தில் இருக்கை தேடிக்கொண்டிருந்தார். பேர்ள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"போன முறையும் இதைத்தான் சொன்னீங்கள்."

"போன முறை கடைசி நேரத்தில பிளேனை மாத்திப்போட்டாங்கள். இது வேற. பதினாலு ஏ எனக்கு. பதினாலு பி உமக்கு."

"எனக்கு எப்பவும் நடுவுதான்."

"ஏறி இருந்த உடன நீர் நித்திரை. உமக்கென்னத்துக்கு யன்னல்?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து பேருந்தானாலும் ரயிலானாலும் விமானமானாலும் யன்னல் அவருக்குத்தான். அவர் அதில் ஏறியிருந்து ஒரு நாளாவது உருப்படியாக எதையும் பார்த்ததும் இல்லை. மேகம் வரும், வெயில் கண்ணில் அடிக்கும், இல்லாவிட்டால் இறக்கை குறுக்கே நிற்கும். சுட்டுவிரலால் அழைப்பு மணியை அழுத்துவதுபோலத் திரையை அழுத்தினார்.

"சரி, அலுவல் முடிஞ்சுது. புளியைக் கூட விட்டிடாதையும்."

அடுத்த நாள் காலையில் சவரம் செய்யப் போனவர் குளியலறையிலிருந்து நடந்து வரவில்லை. ஒரு கன்னம் வழித்திருந்தது. மற்றக் கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அம்புலன்ஸ் வந்ததையும், ஆஸ்பத்திரியில் வைத்தியர் அனோஜைத் தனியாக அழைத்துப் பேசியதையும் போன வாரப் பகுதியிலேயே சொல்லியாயிற்று. திரும்பவும் சொல்ல மனம் வரவில்லை.

சவச்சாலையில் மற்றக் கன்னத்தையும் வழித்துவிடுவதாகச் சொன்னார்கள். பேர்ள் வேண்டாம் என்றுவிட்டாள். சிட்னியில், பெட்டி திறக்கிறபோது, அவருடைய றேசராலேயே தான் வழிப்பதாகச் சொன்னாள். கறுப்புக் கோட் போட்ட இளைஞன் அனோஜைப் பார்த்தான். அனோஜ் தலையை ஆட்டினான்.

அது ஒன்று. அவளுக்கு இன்னொன்று இதைவிடப் பெரிதாக இருந்தது.

அவளுடைய ஊரான மன்னார்ப் பக்கத்தில் பிரேதத்தைத் தனியே விடுவதில்லை. கோயிலுக்கு எடுக்கும்வரை யாராவது ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார்கள். செபமாலை சொல்வார்கள். கண் சொருகினால் அடுத்தவர் தட்டி எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் இருப்பார். மெல்பேர்ன் சவச்சாலையிலோ ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டினார்கள். கறுப்புக் கோட் இளைஞன் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் பூட்டினான்.

"அனோஜ், இரவெல்லாம் அப்பா தனியத்தான் கிடக்கிறார். சிட்னிக்காவது தனிய அனுப்பக் கூடாது. நான் போற பிளேனிலதான் அவரும் வரவேணும்."

அனோஜ் எங்கெங்கோ தொலைபேசினான். சனிக்கிழமைக் காலை விமானம், அதே விமானம், பெட்டி சரக்குப் பக்கத்தால் ஏறும் என்று வந்து சொன்னான். அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெயசிங்கத்தின் கைபேசி கிணுங்கியது. அது இப்போது அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. பயணத்துக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று விமானக் கொம்பனி கேட்டது. இரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம்.

செக்-இன் செய்யாத ஆளை விட்டுவிட்டுப் போய்விடுவான்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பார் இந்த மனிதர்! ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் அவளைப் பிடித்து இருத்தி வைத்துச் சொல்வார். அவள் தன் கட்டத்தை அழுத்தினாள். பிறகு அவருடையதையும் அழுத்தினாள். அவரும்தானே வருகிறார்.

அதில் பிழை இருப்பதாக அவளுக்குப் படவில்லை. அந்த வாரம் அவளுக்கு எது பிழை, எது சரி என்று பிடிபடவுமில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வார்டுகளில் இருபது வருடம் வேலை பார்த்து, ஆங்கிலத்தில் சண்டை பிடித்தவள், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு யாராவது ஆங்கிலத்தில் பேசினால் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அனோஜ் அவளை விமான நிலைய வாசலில் இறக்கினான். அவனும் மனைவி பிள்ளைகளும் பின்னேர விமானத்தில் வருகிறார்கள். வாகனத்தை அங்கே நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

"அம்மா, அப்பான்ர ரிக்கற்..." என்று தொடங்கி நிறுத்தினான். "அது, கான்சல் பண்ணினதோ?"

"அதெல்லாம் பாத்தாச்சு."

அவனுக்கு அது போதுமாக இருந்தது. தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் 'ரத்து' என்ற பொத்தானைத் தான் அழுத்த வேண்டி வராததில் அவன் முகம் இலேசானதை அவள் கண்டாள்.

"அங்க தங்கச்சி டில்ஷா நிப்பாள். அவளிட்ட எல்லாம் சொல்லியிருக்கிறன். யோசிக்காதேங்கோ."

"போட்டு வாறன் மகன்."

உள்ளே பயணப் பெட்டி போடும் இடத்தில் மனிதர் யாரும் இல்லை, இயந்திரங்கள்தான். கைபேசியைக் காட்டினாள். முதலில் தெரிந்தது அவருடைய பெயர். இயந்திரம் அந்தப் பெயரிலேயே ஒரு நீளத் துண்டை நீட்டியது. அவருடைய பெட்டிதான், உள்ளே அவருக்கு உடுத்துவதற்கான கோட்டும் வெள்ளை சேட்டும்தான். பெயர் சரி என்று நினைத்துக் கைபிடியில் ஒட்டினாள். பெட்டி ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று.

பாதுகாப்புச் சோதனையில் நீண்ட வரிசை. மடிக்கணினியை வெளியே எடுங்கள் என்றது ஒரு பக்கம், எடுக்கத் தேவையில்லை என்றது மறு பக்கம். முன்னால் நின்ற மனிதர் பெல்ட்டைக் கழற்றிக் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். பேர்ள் கைப்பையைத் தட்டில் வைத்தாள். அவருடைய கைபேசியை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

அது அடிக்கத் தொடங்கியது.

திரையில் 'அருந்தவன்' என்று இருந்தது. அப்படி ஒருவரை அவளுக்குத் தெரியாது. புதன்கிழமையும் இந்தப் பெயர் இரண்டு முறை வந்தது. எடுக்கக் கையை நீட்டுவதற்குள் தட்டு நகர்ந்துவிட்டது. கைபேசி அடித்தபடியே இயந்திரத்துக்குள் போய், அடித்தபடியே மறு பக்கத்தால் வந்து, அங்கே ஓய்ந்தது.

கைப்பை வரவில்லை. அது வேறு பாதையில் திரும்பி ஒரு மேசைக்குப் போனது. கையுறை போட்ட பெண் அதை வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டாள். பஞ்சாபிப் பிள்ளையாக இருக்க வேண்டும், கையில் இரும்புக் காப்பு.

"அம்மா, இது உங்களுடையதா? உள்ளே கூரானது ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

பெண் ஒவ்வொன்றாக எடுத்தாள். செபமாலை. பனடோல். அவருடைய மூக்குக் கண்ணாடி. ஒரு துவாய்த் துண்டில் சுற்றிய றேசர். பழைய காலத்து, பிளேட் வைத்துத் திருகுகிற றேசர்.

"இதைக் கொண்டுபோகலாம். பிளேட்டைக் கொண்டுபோக முடியாது. பிளேட்டை இங்கே விட வேண்டும். அல்லது திரும்பிப் போய்ப் பெட்டியோடு போடலாம்."

"பெட்டி போயிட்டுது." இதைத் தமிழில் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பெண் கைப்பிடியைத் திருகிக் கழற்றினாள். பிளேட்டின் ஓரத்தில் சோப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சோப்பில் இரண்டு மூன்று குறு நரை மயிர் ஒட்டியிருந்தது. பேர்ள் அன்றுதான் அதைக் கண்டாள். அதைத் துடைத்து எடுக்க விடும்படி கேட்கலாமா என்று யோசித்தாள். எப்படிக் கேட்பது, எதற்கென்று சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டியில், கத்தரிக்கோல்களுக்கும் பேனாக்கத்திகளுக்கும் நடுவே, அது விழுந்து கிடந்தது.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா அம்மா?" என்றாள் பெண். நல்ல பிள்ளை. பேர்ள் நன்றி சொன்னாள்.

வாயிலுக்கு வந்தபோது பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். அவள் ஒரு தூணோடு நின்று மூச்சு வாங்கினாள். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. அதன் வயிற்றுப் பக்கம் ஒரு வண்டி ஒட்டி நின்றது. அதுதானோ, ஏற்றியாயிற்றோ, தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது.

"பயணி ஜெயசிங்கம். பயணி ஜெயசிங்கம். உடனடியாக வாயிலுக்கு வரவும்."

பேர்ள் திரும்பி நடைபாதையைப் பார்த்தாள்.

பழக்கம் அது. எந்த விமான நிலையத்திலும் கடைசி அழைப்பு வருகிற நேரம் பார்த்துத்தான் மனிதர் கோப்பி வாங்கப் போவார். அவள் இரண்டு பைகளோடு வாயிலில் நின்று நடைபாதையைப் பார்ப்பாள். தூரத்தில் ஒரு கையில் கோப்பிக் குவளை, மற்றக் கையில் கேக்குத் துண்டு, வேகமாக நடப்பதுபோல ஒரு பாவனை. "ஏன் பதறுறீர்? நாங்கள் இல்லாமல் போயிடுவாங்களோ?" என்று கேட்டுக்கொண்டு வருவார்.

நடைபாதையில் ஒரு துப்புரவு வண்டி வந்தது. ஒரு குழந்தை ஓடியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்தில் ஓர் இளம்பெண் தோளில் அலுவலகப் பையோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுத் தமிழ்.

"இல்லம்மா, இன்னும் கிளம்பல. யாரோ ஒரு ஆளு வரலையாம். கேட்டுக்கிட்டிருக்கியா, பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க பாரு, நம்ம ஊரு பேரு வேற. எங்கயாவது நின்னு காப்பி குடிச்சிட்டிருப்பான். அவனுக்காக நாங்கல்லாம் நிக்கணும். வந்து தொலைய வேண்டியதுதானே? ஆமா, கெல்லிவில் போய்ச் சேர ரெண்டு மணி ஆயிடும்."

பேர்ளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. உண்மைதான், காப்பிதான். சிரிப்பு வாய்வரை வந்து, அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

மூன்றாம் முறையும் கூப்பிட்டார்கள். பேர்ள் கவுண்டருக்குப் போனாள்.

"ஜெயசிங்கம் என் கணவர்."

தலைமயிரை இறுகக் கட்டியிருந்த பெண் நிமிர்ந்தாள். "நல்லது. எங்கே இருக்கிறார்?"

"விமானத்தில்."

பெண் திரையைப் பார்த்தாள். "இல்லை. அவர் பதிவு செய்திருக்கிறார், ஆனால் ஏறவில்லை."

"ஏறிவிட்டார்."

"அம்மா, ஏறியிருந்தால் இங்கே காட்டும். கழிவறைக்குப் போனாரா? அவரைக் கைபேசியில் கூப்பிட முடியுமா?"

பேர்ள் கைபேசியை எடுத்துக் காட்டினாள். "இதுதான் அவருடைய கைபேசி."

கவுண்டர்ப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. கோபமில்லை, குழப்பம். அவள் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்ல, அவன் வானொலியில் பேசினான். பேச்சில் ஒரு துண்டு மட்டும் பேர்ளின் காதில் தெளிவாக விழுந்தது. பயணி வராவிட்டால் அவருடையதைக் கீழே இறக்க வேண்டும்.

இறக்க வேண்டும்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். விமானத்தின் வயிற்றோடு ஒட்டி நின்ற வண்டி அசைந்தது. இந்த வெயிலில், அந்தத் தார் நிலத்தில், ஒருவரும் பக்கத்தில் இல்லாமல். அவள் பறந்து போய்விடுவாள், அவர் கிடப்பார்.

"இறக்காதேங்கோ! ஐயோ, இறக்காதேங்கோ பிள்ளை! அவரை இறக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ!"

கவுண்டரில் இருந்த இருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அலுவலகப் பைப் பெண்தான் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, என்ன ஆச்சு? நான் தமிழ்தான். எம் பேரு ஹரிப்பிரியா. யாரை இறக்குறாங்க?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த வசனத்தை அவளுக்காக மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அனோஜ் சொன்னான், வைத்தியர் சொன்னார், சுவாமியார் தொலைபேசியில் சொன்னார். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"செத்துப்போனார் பிள்ளை" என்றாள் பேர்ள். "என்ர மனிசன் செத்துப்போனார். கீழ பெட்டியில இருக்கிறார். இந்தப் பிளேனிலதான். அவங்கள் கூப்பிடுறது அவரைத்தான்."

ஹரிப்பிரியாவின் கை வாய்க்குப் போனது. கைபேசியில் அவளுடைய அம்மா இன்னும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தாள். அவள் அதை அணைத்தாள். பிறகு கவுண்டர்ப் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

கவுண்டர்ப் பெண் தட்டச்சை நிறுத்தினாள். ஒலிபெருக்கிப் பொத்தானில் கிடந்த விரலை, சுட்டதுபோல எடுத்தாள்.

மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார், நரைத்த தாடிக்காரர். இரண்டு இடங்களுக்குப் பேசினார். பிறகு கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து பேர்ளுக்கு முன்னால் நின்றார்.

"திருமதி ஜெயசிங்கம், உங்கள் கணவர் உள்ளேதான் இருக்கிறார். அவரை யாரும் இறக்கமாட்டார்கள். நாங்கள் இறக்க இருந்தது ஒரு சூட்கேஸை. அதில் அவர் பெயர் இருக்கிறது. அதை யார் அடுக்கியது?"

"நான்தான்." ஆங்கிலம் வந்துவிட்டது. "கலியாணம் முடித்ததிலிருந்து நான்தான் அடுக்குகிறேன். அவருக்குத் தன் காலுறை எங்கே என்று தெரியாது."

தாடிக்காரர் சிரிக்கலாமா என்று யோசித்து, கொஞ்சம் சிரித்தார். "அப்படியானால் அதை உங்கள் பெயருக்கு மாற்றுகிறேன். ஆனால் பயணிகள் பட்டியலிலிருந்து அவரை எடுக்காமல் எங்களால் கதவைச் சாத்த முடியாது. அவர் பயணம் செய்யவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

ஆனால் அவர் பயணம் செய்கிறார். காலுக்குக் கீழே, அவளோடு. அதற்காகத்தானே இவ்வளவும். சொன்னால் பொய், சொல்லாவிட்டால் விமானம் போகாது. அவள் ஹரிப்பிரியாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது. அதற்கென்ன தெரியும்?

"அவர் வரவில்லை" என்றாள் பேர்ள்.

தாடிக்காரர் தலையசைத்தார். கவுண்டர்ப் பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். சத்தமே வரவில்லை.

ஹரிப்பிரியாவின் இருக்கை பதினான்கு சீ. அதைக் கண்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆன்ட்டி, நான் போன்ல பேசினது உங்களுக்குக் கேட்டிருக்கும்..."

"பறவாயில்லை பிள்ளை. நீர் சொன்னது சரிதான். கோப்பி எண்டால் மனிசனுக்கு உயிர்."

ஹரிப்பிரியா அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அவளுடைய இருக்கைப் பட்டியை எடுத்துக் கொடுத்தாள். "ஜன்னல் பக்கம் போய் உக்காருங்க ஆன்ட்டி. காலியாத்தானே இருக்கு. கொஞ்சம் காலை நீட்டலாம்."

"இல்லைப் பிள்ளை. அது அவற்ற சீற்."

அவள் பி-யில் இருந்தாள். கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். முதல் மணியைப் பிடிக்கும்போது கைபேசி மறுபடி அடித்தது. அருந்தவன். இந்த முறை எடுத்தாள்.

"அண்ணை!" ஓர் ஆண் குரல், மூச்சு வாங்க. "எங்க போய்த் துலைஞ்சியள்? வாற திங்கட்கிழமை பரமட்டாவில சாவி தாறதெண்டெல்லோ சொன்னனான். அக்காவுக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

"நான் அவற்ற மனிசி."

மறுபக்கத்தில் எங்கோ கோழி கூவியது.

"எந்தச் சாவி?" என்றாள் பேர்ள். "நீர் ஆர்?"

"அக்கா..." குரல் சுருங்கிவிட்டது. "அப்ப அவர் சொல்லேல்லை. நான் வீட்ட வாறன் அக்கா. அதை நேரிலதான் சொல்லவேணும்."

அழைப்பு அறுந்தது. நடைவழியில் வந்த பணிப்பெண் கைபேசியைச் சுட்டிக்காட்டினாள். பேர்ள் அதை அணைத்துக் கைப்பைக்குள், பிளேட் இல்லாத றேசருக்குப் பக்கத்தில் வைத்தாள். எந்தச் சாவி? முப்பத்தாறு வருடம் அவருடைய காலுறைகளை அடுக்கியவளுக்குத் தெரியாத சாவி எது? கேட்பதற்கு ஆள் கீழே இருந்தார்.

விமானம் ஓடத் தொடங்கியது. அவள் மணியை உருட்டினாள். உதடு தானாகச் சொன்னது. இப்போதுதான், இத்தனை நாளுக்குப் பிறகு, அவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து செபிக்கிறார். சக்கரம் நிலத்தை விட்டது. வழக்கமாக இந்த நேரம் அவளுக்குக் கண் சொருகிவிடும். இன்று நித்திரை வரவில்லை.

வெற்று இருக்கைக்கு மேலால் எட்டி, அவர் தேடிப் பிடித்த யன்னலைப் பார்த்தாள்.

இறக்கைதான் தெரிந்தது.